வலப்பக்கம் நின்றவர்கள்

வீடு
ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகவில்லை. மாடிப்படியைப் பார்த்தாலே முறைத்துக்கொள்கிறது. உன் இருமல் நின்றதா? முகாமில் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறாயா?

பாலம் கட்டுகிற பள்ளத்தாக்கில் சிக்னலே கிடையாது, சிமெண்ட் லாரியில் தபால் மட்டும்தான் வரும் என்று எழுதியிருந்தாய். சரி, எழுதுகிறேன். ஒருவிதத்தில் நல்லதுதான். நம் வீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறவர்கள். கடிதத்திலாவது ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்.

ஒரு சேதி. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். தற்காலிகமாகத்தான். "ஆறு மாசம் ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் நிரந்தரம் பண்றதைப் பத்திப் பேசுவோம்" என்றார் மேலாளர். இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன்.

எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். பெரியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அந்தப் பொறுப்பு தனக்கு வரும் என்று எதிர்பார்த்திருப்பார் போல. அவர் மடித்து வைத்த படுக்கை விரிப்புகளில் மூலை சரியாக ஒட்டவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி மடித்தேன். நன்றாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன், சத்தியமாக. அன்றிலிருந்து யாரும் என்னோடு பேசுவதில்லை. கேட்டால் "சரிங்க", "ஆமாங்க". மதியம் எல்லோரும் மேசையின் அந்த முனையில் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். இந்த முனையில் நானும் என் டப்பாவும்.

உன் ஆட்கள் எத்தனை வருடமாக உன்னோடேயே இருக்கிறார்கள்! ஒரு பாலம் முடிந்தால் அடுத்த பாலத்துக்கும் கூடவே வருகிறார்களே, அவர்களுக்கு என்ன மருந்து வைத்தாய்? கொஞ்சம் எனக்கும் சொல்லு.

இன்னொரு விஷயம். எழுத வேண்டாம் என்றுதான் அம்மா சொன்னாள், அதனால் எழுதுகிறேன். நீ கிளம்பிய அன்று வாசலில் நின்று உன்னைக் கூப்பிட்டாளாம். இரண்டு தரம். நீ திரும்பியே பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாயாம். முந்தின நாள், "பக்கத்துலேயே ஒரு வேலை பார்த்துக்கிட்டு வந்துடேன்டா" என்று அவள் சொல்லி, நீ வெடுக்கென்று பதில் சொன்னாயே, அந்தக் கோபம் இன்னும் உனக்குப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு வரி அவளுக்கும் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வாலு

*

முகாம்
ஜனவரி 30

அன்பு வாலுவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. தண்ணீர் காய்ச்சியதுதான், ஆனால் காய்ச்சிய பாத்திரத்தின் நிறத்தை உனக்குச் சொல்ல மாட்டேன். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

பொறுப்பாளர் அம்மா அவர்களே, வாழ்த்துகள். சின்ன வயதில் என் புத்தகப்பையைக் கொட்டி மறுபடி அடுக்கியவள் நீ. அது நேற்று வந்த புத்தி இல்லை, பிறந்த புத்தி. எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை நினைத்துக்கொள். பெரியக்காவுக்கு வந்ததும் அதுதான்.

ஒருவர் மடித்ததை அவர் முன்னால் மறுபடி மடிக்காதே. மூலை ஒட்டாத விரிப்பில் படுத்து எந்த நோயாளிக்கும் சங்கடம் வந்ததில்லை. நிஜமாகவே தப்பாக இருந்தால் அவரைத் தனியாகக் கேள்: "இதை எப்படி மடிக்கலாம், சொல்லுங்க." அவர் சொல்வது உன்னுடையதைவிட மட்டமாக இருந்தாலும் ஒரு மாதம் அப்படியே ஓடட்டும்.

எனக்கு மருந்தும் தெரியாது மந்திரமும் தெரியாது. சில பழக்கங்கள் இருக்கின்றன. தூரத்திலிருந்து கத்தி வேலை சொல்ல மாட்டேன். எழுந்து அந்த ஆள் பக்கத்தில் போய், முகத்தைப் பார்த்துச் சொல்வேன். சொன்னதை அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்வேன். முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இரும்பு உத்தரம் அந்தரத்தில் தொங்கும்போது "நான் அப்படி நினைச்சேன்" என்று யாரும் சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொல், எனக்கு ஒரு கோபமும் இல்லை. பஸ் சத்தத்தில் கவனிக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் உன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்த முனைக்குப் போய் உட்கார். யாரும் உன்னைக் கூப்பிட வேண்டும் என்று காத்திருக்காதே.

பாசத்துடன்,
அண்ணன்

*

வீடு
பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெந்நீர் ஒத்தடத்துக்கு அம்மா காட்டும் முகத்தை நீ பார்க்க வேண்டும். ஆனால் படி ஏறுகிறாள். நான் சுகம்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒருவரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டேன். மூன்றாம் நாள் ஒரு பெண் சற்றே தள்ளி உட்கார்ந்தாள். வண்டி தள்ளுகிறவள், வேகத்தைப் பார்த்துப் புயல் என்று பெயர் வைத்திருக்கிறோம். "நின்னுக்கிட்டே சாப்பிட்டா உங்களுக்கு வயித்து வலி வரும், பழி எங்க மேல வரும்" என்றாள். இதைவிட அன்பான வரவேற்பு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

உன் பழக்கங்களை எல்லாம் முயற்சி செய்கிறேன். எங்கள் கூடத்தின் சத்தம் உனக்குத் தெரியாது. பெரிய மெஷின்கள் எல்லாம் ஒன்றாகச் சுற்றும்போது மனசுக்குள் நினைப்பதைக்கூடக் கத்தித்தான் நினைக்க வேண்டும். இத்தனை நாள் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்தித்தான் வேலை சொன்னேன். இப்போது நடக்கிறேன். கால் வலிக்கிறது, தொண்டை வலி போய்விட்டது. திருப்பிச் சொல்லச் சொன்னபோது புயல் சிரித்தாள். "என்னைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைன்னு நினைச்சீங்களா?" என்றாள். ஆனால் சொல்லிப் பார்த்தபோது, குழந்தைகள் வார்டுப் போர்வைகளை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவதாக இருந்தாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

பெரியக்காவிடம் விரிப்பை எப்படி மடிக்கலாம் என்று கேட்டேன். "பொறுப்பாளர் நீங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அம்மாவிடம் உன் பதிலைப் படித்துக் காட்டினேன். "பஸ் அப்போ கிளம்பவே இல்லையேடி" என்றாள். அண்ணா, இரண்டு வரி அவளுக்குத் தனியாக எழுது என்றேனே!

உன் வாலு

*

முகாம்
மார்ச் 5

அன்பு வாலுவுக்கு,

நான் நலம். வெயில் ஏறிவிட்டது, உத்தரத்தில் கை வைத்தால் ரொட்டி சுடலாம். உங்கள் இருவர் உடம்பும் எப்படி? இதோடு அம்மாவுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன், நீ படிக்காதே. படிப்பாய் என்று தெரியும்.

பெரியக்கா விஷயம். அவருக்குப் பேச இடம் வேண்டும், ஆனால் நீ தனியாகக் கேட்டால் சொல்ல மாட்டார், அது உனக்கு உதவி செய்ததாக ஆகிவிடும். எல்லோரும் இருக்கும்போது பேசட்டும். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காலையில் வேலை தொடங்கும் முன் வட்டமாக நிற்போம். பேசுகிறவர் கையில் ஒரு சிவப்பு ஹெல்மெட் இருக்கும். ஹெல்மெட் இல்லாதவர் வாயைத் திறக்கக் கூடாது. பேசி முடித்தவர் அடுத்தவரிடம் கொடுப்பார். எங்களிடம் ஒருவன் இருக்கிறான், பட்டப்பெயர் ரேடியோ. நிறுத்தவே முடியாது. அவன்கூட ஹெல்மெட் கைக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான்.

உனக்கு ஆள் பழக்கம் பற்றி ஒன்று சொல்கிறேன். நாம் அவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை எப்படியோ நமக்குத் திரும்பி வரும். என் ஆட்கள் என்னோடு நடக்கும்போது எப்போதும் என் வலப்பக்கமாகத்தான் வருவார்கள், ஒருவர்கூட இடப்பக்கம் வர மாட்டார். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அவர்களாகவே வைத்துக்கொண்ட மரியாதை அது. தாடிக்காரர் ஒருவர் இருக்கிறார், எங்கள் கூட்டத்தில் அனுபவஸ்தர். அவர்கூட அப்படித்தான். பார்க்கும்போது நெஞ்சு நிறைந்துவிடும்.

சாயங்காலம் இங்கே பொழுது போவதே கிரேன்காரரால்தான். தினமும் போனில் மனைவியோடு ஒரு மணி நேரம் சண்டை. கையை ஆட்டி, தலையில் அடித்துக்கொண்டு, கடைசியில் சிரித்து. இலவச சினிமா.

பாசத்துடன்,
அண்ணன்

*

வீடு
மார்ச் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுத ஆசை. உடம்பு சௌக்கியம்தான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். எங்களிடம் ஹெல்மெட் இல்லை, தலையணை இருக்கிறது. காலையில் தலையணையை வைத்துக்கொண்டு வட்டமாக நின்றோம். மெஷின் போடுவதற்கு முன்பு. எல்லோரும் ஒரே சிரிப்பு. தலையணை பெரியக்கா கைக்கு வந்தது. அவர் அதைத் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டே நின்றார். நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டு நின்றேன். கடைசியில் சொன்னார்: "எனக்கு இப்போ விரல் முன்ன மாதிரி மடங்க மாட்டேங்குது. அதான் மூலை ஒட்டலை. அதை எல்லார் முன்னாலயும் பிரிச்சுக் காட்டணுமா?"

அண்ணா, எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. தலையணையை வாங்கி, மன்னிப்புக் கேட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். இப்போது மடிக்கிற வேலையைப் புயலும் மற்றவர்களும் செய்கிறார்கள், பெரியக்கா துணி பிரிக்கிற மேசைக்கு வந்துவிட்டார். எந்த வார்டுத் துணி எது என்று தொட்டே சொல்கிறார்.

அடுத்த வாரமே ஷிஃப்ட் அட்டவணையில் நான் சொதப்பினேன். ஒரே நாளில் பாதிப் பேருக்கு விடுமுறை போட்டுவிட்டேன். போன மாதமும் இதே கதை. மறைத்து எப்படியாவது ஒப்பேற்றலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தலையணையை எடுத்து, "எனக்கு இந்த அட்டவணை போட வரலை. எவ்வளவு முயற்சி பண்ணாலும் வரலை" என்றேன். தலை போகப்போகிறது என்று நினைத்தேன். "அதை முன்னாடியே சொல்லியிருந்தா நாங்களே போட்டிருப்போமே" என்றார் பெரியக்கா. தேநீர் ஆறுவதற்குள் எல்லோரும் சேர்ந்து போட்டு முடித்துவிட்டார்கள். அன்று மதியம் மேசையில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.

இப்போது கெட்டது. உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது கிரேன்காரர் மனைவியோடு போனில் சண்டை போடுவதையும் சேர்த்துப் படித்துத் தொலைத்துவிட்டேன். அங்கே சிக்னலே இல்லை என்றாயே? அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எல்லாருக்கும் சிக்னல் இருக்கு. எனக்குத்தான் இல்லை போல" என்றாள். நீ தனியாக வைத்த தாளை நாலாக மடித்துக் கண்ணாடி டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள், ஆனாலும் அப்படிச் சொன்னாள்.

என் காதில் பூச்சுற்ற வேண்டாம், அண்ணா. ஏன் போன் பேச மாட்டேன் என்கிறாய்?

உன் வாலு

*

முகாம்
ஏப்ரல் 9

அன்பு வாலுவுக்கு,

நலம். உங்கள் நலத்தை எழுது.

கிரேன்காரர் போன் பேசுவதற்கு மேட்டில் ஏறிப் போவார். எனக்கு வேலை முடிந்தால் ஏற முடிவதில்லை. வேறு ஒன்றும் இல்லை.

நீ மன்னிப்புக் கேட்டதைப் படித்துப் பெருமையாக இருந்தது. அட்டவணையை மட்டும் அப்படிப் போட்டு உடைத்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது. பொறுப்பில் இருப்பவர் தனக்கு இது வராது என்று சொன்னால் எல்லோரும் உன் பெரியக்கா மாதிரி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

போன வாரம் ஒரு வேடிக்கை. உத்தரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தோம். நான் கீழே திரும்பி நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். தாடிக்காரர் ஓடி வந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். சட்டை கிழிந்தது, அந்த நீலக் கட்டம் போட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு பார்த்தால் உத்தரம் நான் நின்ற இடத்துக்கு மேலே வந்துவிட்டிருந்தது. கிரேன்காரர் முகம் வெளுத்துப் போயிருந்தார். வேடிக்கை என்று எழுதினேன், அன்று யாரும் சிரிக்கவில்லை. அம்மாவிடம் சொல்லாதே.

சட்டைக்கு வேறு பித்தான் வைத்துத் தைத்துவிட்டேன்.

அண்ணன்

*

வீடு
ஏப்ரல் 16

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்காமல் தொடங்குகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

கிரேன் உத்தரத்தோடு நகர்ந்தால் ஹாரன் அடிப்பார்கள். நீதானே ஒரு தரம் சொன்னாய், அந்த ஹாரன் அடித்தால் பக்கத்து மலையில் இருக்கிற பறவைகூட எழுந்து பறக்கும் என்று. உன் கடிதத்தில் ஹாரன் இல்லை. கிரேன்காரர் அடிக்காமல் விட்டாரா? அடித்திருப்பார். அடித்துக்கொண்டே இருந்திருப்பார். அதனால்தான் முகம் வெளுத்திருக்கிறது.

நேற்று முழுவதும் உன் கடிதங்களை அடுக்கி வைத்துப் படித்தேன். பக்கத்தில் போய் முகத்தைப் பார்த்துப் பேசு. திருப்பிச் சொல்லச் சொல். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது. பேசுகிறவர் கையில் சிவப்பாக ஏதாவது இருக்க வேண்டும், யார் பேசுகிறார் என்று கண்ணுக்குத் தெரிய. மெஷின் சத்தத்துக்கு நடுவில் இருக்கிற எங்களுக்கு இதெல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

லீவில் வந்தபோது குக்கர் கத்திக்கொண்டே இருந்தது, நீ பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தாய். நான் உன்னைச் சோம்பேறி என்று திட்டினேன். அம்மா வாசலில் நின்று கூப்பிட்டாள்.

உனக்குக் காது கேட்கவில்லையா அண்ணா?

கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்லிவிடு. அம்மா உனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். உன் ஆட்களிடமும் சொல்லு. அந்தத் தாடிக்காரர் எட்டி இழுக்கிற தூரத்தில் எப்போதும் இருப்பார் என்று யார் சொன்னது? நான் உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன், வரவில்லை.

உன் வாலு

*

வீடு
மே 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். லாரி இரண்டு தரம் வந்து போயிருக்கும். உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை.

நான் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. நீதான் சொல்ல வேண்டும். அவளே இந்தத் தாளின் அடியில் ஒரு வரி எழுத வேண்டும் என்றாள். எழுதட்டும்.

கண்ணா, நீ அந்த வேலையையே பாரு. நான் இனிமே வரச் சொல்ல மாட்டேன். பேசினால் போதும். அம்மா.

*

முகாம்
ஜூன் 4

அன்பு வாலுவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மற்றதைச் சொல்கிறேன்.

இடது காது போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. வலது காது பாதி. சிக்னல் இல்லை என்றது பொய். போனில் குரல் வரும், சொல் வராது. இரைச்சலுக்குள் யாரோ கரண்டியைத் தட்டுவது போல் இருக்கும். அம்மா பேசுவாள், நான் "ம், ம்" என்பேன். எதற்கு "ம்" போட்டேன் என்று தெரியாமலே ஒரு தரம் போனை வைத்தேன். அதற்கப்புறம் எடுக்கவே பயம். வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் எப்படியோ சமாளித்தேன். காது கேட்காதவன் கையில் கிரேனுக்குச் சைகை காட்டுகிற கொடியைக் கொடுக்க மாட்டார்கள். அந்தக் கொடி போனால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

உன் கடிதம் வந்தபோது பதில் எழுத உட்கார்ந்தேன். ஒன்றுமில்லை என்று எழுதினேன், கிழித்தேன். பிறகு அம்மாவின் அந்த ஒரு வரி வந்தது. அதற்கு என்னால் பொய் எழுத முடியவில்லை.

திங்கட்கிழமை காலை வட்டத்தில் ஹெல்மெட்டை எடுத்தேன். நீ அட்டவணைக்குச் சொன்னதைப் போலவே சொன்னேன். "எனக்குக் காது கேக்கலை. ரெண்டு வருஷமா கேக்கலை. உங்க யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டேன்." யாரும் பேசவில்லை. ஹெல்மெட் என் கையில்தானே இருக்கிறது! அதை ரேடியோவிடம் கொடுத்தேன். அவன் என் வலப்பக்கம் வந்து நின்று, முகத்துக்கு நேராகத் திரும்பி, நிதானமாகச் சொன்னான்: "தெரியும்ணே."

எல்லோருக்கும் தெரியும், வாலு. ஆரம்பத்திலிருந்தே தெரியும். அவர்கள் என் வலப்பக்கமாகவே நடந்தது மரியாதைக்காக இல்லை. எந்தப் பக்கம் கொஞ்சம் கேட்கிறது என்று கண்டுபிடித்து, புதிதாக வருகிறவர்களுக்கும் அவர்களே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கிரேன்காரர் ஹாரனோடு சேர்ந்து எரிகிற மாதிரி ஒரு விளக்கைப் பொருத்தியிருக்கிறார். நான் திரும்பி நின்றதால்தான் அன்று அதுவும் தெரியவில்லை. நெஞ்சு நிறைந்துபோகும் என்று உனக்கு எழுதினேனே, அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. உனக்கு நான் எழுதிய பாடமெல்லாம் ஒரு செவிடன் தன் வசதிக்குப் பண்ணிக்கொண்ட ஏற்பாடு.

தாடிக்காரர் ஹெல்மெட்டை வாங்கினார். "நீங்க யாரையும் தூரத்துல இருந்து கத்தினதில்லை. பக்கத்துல வந்து கேட்டீங்க. அதான் யாரும் வாயைத் திறக்கலை. ஆனா அன்னைக்கு அப்புறம் எனக்குத் தூக்கமில்லை. நாங்க சொல்லியிருக்கணும். நீங்களும் சொல்லியிருக்கணும்" என்றார். அவர் கண் கலங்கியதை நான் இதுவரை பார்த்ததில்லை.

இன்ஜினியரிடம் நானே போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் நிறையத் திட்டினார். முக்கால்வாசி எனக்குக் கேட்கவில்லை, நல்லதாகப் போயிற்று. வேலையை விட்டு எடுக்கவில்லை. காதுக்கு மெஷின் வைத்துப் பரிசோதனையில் தேறும்வரை கொடி என்னிடம் இருக்கக் கூடாது. அதைத் தாடிக்காரர் கையில் நானே கொடுத்தேன். வலித்தது, ரொம்பவே.

அம்மாவிடம் இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துக் காட்டு. இந்தத் தடவை எதையும் விடாதே.

அண்ணன்

*

வீடு
ஜூன் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அழுது முடித்த நலம்.

முழுவதும் படித்துக் காட்டினேன். அம்மா நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை, நம் வீட்டில் இது சரித்திரம். முடித்ததும், "அப்போ நான் கூப்பிட்டது கேக்கவே இல்லையா?" என்றாள். மறுபடியும் கேட்டாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "பாவிப்பய, சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அன்று மாடிப்படியை யார் உதவியும் இல்லாமல் ஏறினாள்.

உன் ஏற்பாடுகளை மட்டமாகப் பேசாதே. என் காது இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனாலும் உன் ஏற்பாடுகளை வைத்துத்தான் என் கூடம் ஓடுகிறது. காது நன்றாக இருக்கிற எத்தனை பேர் அடுத்தவர் சொல்வதைக் கேட்கிறார்கள், சொல்லு பார்ப்போம். எழுதாமல் விட்ட பாடம் ஒன்றே ஒன்றுதான், எனக்கு வராது என்று சொல்வது. அதை நான் பெரியக்காவிடம் கற்றுக்கொண்டேன். கட்டணம் எதுவும் வேண்டாம், உனக்கு இலவசமாகத் தருகிறேன்.

உன் ஆட்கள் மேல் எனக்குப் பாசமும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. ஆளுக்கு ஆள் அன்பால் மூடி மறைத்து உன்னை உத்தரத்துக்கு அடியில் நிறுத்திவிட்டார்கள். தாடிக்காரருக்கு மட்டும் என் வணக்கம். நீலச் சட்டை ஒன்று அனுப்புகிறேன், காலர் கெட்டியானது.

மேலாளர் நேற்று வந்தார். வட்டத்தில் நிற்க வைத்து அவர் கையிலும் தலையணையைக் கொடுத்தோம். அதைப் பிடித்துக்கொண்டு, "நிரந்தரம் பண்ணியாச்சு" என்றார். பெரியக்கா, "தலையணை உங்க கையில இருக்கும்போதே சம்பளத்தையும் சொல்லிடுங்க" என்றார்.

காதுக்கு மெஷின் எப்போது வைக்கிறாய்? உடனே எழுது. மெஷின் வந்தால் கடிதம் எழுதுவதை நிறுத்திவிடாதே, எனக்குப் பழகிவிட்டது.

உன் வாலு

*

முகாம்
ஜூலை 17

அன்பு வாலுவுக்கு,

நலம். முழுக்க முழுக்க நலம் என்று சொல்ல மாட்டேன், இந்த மெஷின் காதுக்குள் அரிக்கிறது.

சட்டை வந்தது. காலரைத் தாடிக்காரர் இழுத்துப் பார்த்து, பரவாயில்லை என்றார். கொடி இன்னும் அவரிடம்தான். பரிசோதனை அடுத்த மாதம். தேறாவிட்டாலும் ஃபோர்மேன் வேலை இருக்கிறது, கொடி இருக்காது. அதைச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உலகம் இவ்வளவு சத்தமாக இருக்கும் என்பதை மறந்தே போயிருந்தேன். நான் மென்று சாப்பிடுவது எனக்கே கேட்கிறது, சகிக்கவில்லை. சட்டைக் கை உரசுவது கேட்கிறது. ரேடியோ இடைவிடாமல் பேசுவது கேட்கிறது. பழைய நாட்கள் சில விதங்களில் நிம்மதியாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியது உனக்குத் தெரியும், பக்கத்தில் இருந்தாயே. ஆனால் இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அம்மா முதலில் கத்தினாள். செவிட்டு மகனுக்குக் கேட்க வேண்டுமே என்று கத்தியதில் முகாம் முழுவதும் எழுந்து வந்துவிட்டது. "கேக்குதும்மா, மெதுவாப் பேசு" என்றேன். அதன் பிறகு சத்தமே வரவில்லை. மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அதைத் தட்டினேன். அப்புறம்தான் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இரண்டு வருடமாக அவள் அழுதால்கூட எனக்குத் தெரிந்திருக்காது.

பிறகு சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று எல்லாவற்றையும் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் "ம்" போடாமல் ஒழுங்காகப் பதில் சொன்னேன். "வச்சிடறேன்டா" என்றாள். ஆனால் வைக்கவில்லை. போனை அப்படியே மேசையில் வைத்துவிட்டாள் போல. நானும் வைக்கவில்லை. நாற்காலி நகர்ந்தது. தூரத்தில், உன்னிடம், மெதுவாகத்தான் சொன்னாள்:

"அவனுக்குக் கோபமெல்லாம் ஒண்ணும் இல்லடி. அன்னைக்குக் கேக்கலை. அவ்வளவுதான்."

எனக்குச் சொன்னதுகூட இல்லை அது. கேட்டது, வாலு. ஒரு சொல் விடாமல் கேட்டது.

அம்மாவின் முழங்காலைப் பார்த்துக்கொள். பெரியக்காவைக் கேட்டதாகச் சொல். போனை எப்படி ஒழுங்காக அணைப்பது என்று மட்டும் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிடாதே.

பாசத்துடன்,
அண்ணன்